ஆலையில் விளைந்த அறம்

கட்டடங்களும் இயந்திரங்களும் முதலீடும் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவிக்கலாம். அதனை நிலைபெறச் செய்பவர்கள் மனிதர்களே. தொழிலாளியைச் செலவுக் கணக்கில் ஓர் எண்ணாகக் கருதிய காலத்தில், அவர்தம் நலனே ஆலையின் நலன் என உணர்ந்து நடந்தவர் ஜாம்செட்ஜி நுசர்வான்ஜி டாட்டா. இந்தியத் தொழில்துறையின் முன்னோடியான அவருடைய வாழ்க்கை, நிருவாகம் என்னும் கலையைக் கற்க விரும்புவோர்க்கு ஒரு சிறந்த பாடமாகும்.

இளமையும் முதற்சோதனையும்

ஜாம்செட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குஜராத்திலுள்ள நவ்சாரியில், பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1858இல் படிப்பை முடித்துத் தந்தையாரின் வணிகத்தில் இணைந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்பட்டது. அதனால் இந்தியப் பருத்தியின் விலை மிக உயர்ந்தது. வணிகத்தின்பொருட்டு ஜாம்செட்ஜி இலண்டன் சென்றிருந்த வேளையில், 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பம்பாய் வணிகர்கள் பலர் நொடித்துப்போயினர். டாட்டா குடும்பமும் பெருங்கடனில் சிக்கியது. கடன் கொடுத்தவர்களை நேரில் சந்தித்த அவ்விளைஞர், தம் நிலையை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையில் நம்பிக்கை கொண்ட அவர்கள், கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பினை அவரிடமே ஒப்படைத்தனர். இழந்த பொருளைவிட ஈட்டிய நம்பிக்கை பெரிது என்பதை இருபத்தாறு வயதில் அவர் கற்றுக்கொண்டார்.

இடமறிதல்

1868இல் 21,000 ரூபாய் முதலீட்டில் தனி வணிக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பருத்தி ஆலையாக மாற்றினார்; இரண்டே ஆண்டுகளில் அதனை இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக்குச் சென்று நூற்பாலைகளின் இயக்கத்தை நேரிற்கண்டு ஆராய்ந்தார்.

அக்காலத்தில் ஆலை என்றால் பம்பாய் என்பதே வழக்கம். ஜாம்செட்ஜியோ பருத்தி விளையும் நிலம், இருப்புப்பாதை வசதி, நீரும் எரிபொருளும் கிடைக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் சீர்தூக்கி நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். 1874இல் 15 இலட்சம் ரூபாய் முதலீட்டில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. ஆலைக்காக வாங்கப்பட்டது சதுப்பு நிலம். அதனை மண்கொட்டி மேடாக்குவதைக் கண்ட உள்ளூர்ச் செல்வர் ஒருவர், பொன்னை மண்ணில் புதைக்கும் செயல் என்று கருதிக் கடன்தர மறுத்தார். மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தவர் ஜாம்செட்ஜி என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டதாகக் கூறுவர். விக்டோரியா அரசியார் இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட 1877 ஜனவரி முதல் நாளன்று ஆலை தொடங்கப்பட்டதால், அது எம்பிரஸ் ஆலை எனப் பெயர்பெற்றது.

ஆளறிதல்

ஆலையின் மேலாளராக அவர் அமர்த்திய பெசோன்ஜி தாதாபாய் மேத்தா, இருப்புப்பாதை நிறுவனத்தில் சரக்குப் போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றியவர்; நூற்புத் தொழிலை அறியாதவர். அவருடைய ஒழுங்கையும் உழைப்பையும் நோக்கியே ஜாம்செட்ஜி அவரைத் தேர்ந்தார். தொழில்நுட்பத்துக்கு லங்காஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூக்ஸ்பி துணைநின்றார். ஒருவரின் நிருவாகத்திறனும் மற்றவரின் தொழிலறிவும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. தக்காரைத் தேர்ந்து பொறுப்பை அளித்தபின், அன்றாடப் பணிகளில் தலையிடாமல் அவர்களை இயங்கவிடுவதே ஜாம்செட்ஜியின் வழக்கம்.

தொடக்கத்தில் விலைகுறைந்த இயந்திரங்களை வாங்கியதால் நூலின் தரம் தாழ்ந்தது. உண்மையை உணர்ந்ததும், தயங்காமல் நல்ல இயந்திரங்களைத் தருவித்தார். அப்போது புதிதாக வந்திருந்த வளையக் கதிர்களை, இங்கிலாந்து ஆலைகளே ஏற்கத் தயங்கிய நிலையில், நாகபுரியில் சோதித்துப் பார்த்து வெற்றிகண்டார்.

தொழிலாளர் நலன்

எம்பிரஸ் ஆலை எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் தொழிலாளர்கள் பணிக்கு ஒழுங்காக வாராமையே. மணியோசைக்கு வந்து மணியோசைக்குச் செல்லும் வாழ்க்கை அவர்களுக்குப் புதியது. திருவிழா, திருமணம், அறுவடை என எக்காரணம் நேரினும் வேலையை விட்டு நின்றுவிடுவர். ஆண் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்குச் சட்டம் வரம்பு விதிக்காத காலம் அது. அவ்வரம்பு 1911இல்தான் வந்தது. தண்டம் விதிப்பதும் வேலையிலிருந்து நீக்குவதுமே பல ஆலைகள் அறிந்த வழிகள்.

ஜாம்செட்ஜி வேறு கேள்வியை எழுப்பினார். தொழிலாளி ஆலையைத் தன்னுடையதாகக் கருத வேண்டுமாயின், ஆலை அவனுக்கு என்ன செய்திருக்கிறது என்பதே அக்கேள்வி. கூடங்களில் காற்றோட்டத்தைப் பெருக்கினார். ஈரப்பதத்தைச் சீராக்கும் கருவிகளையும் தீப்பற்றினால் தானே நீர் தெளிக்கும் அமைப்பையும் பொருத்தினார். விளையாட்டு விழாக்கள் நடத்திப் பரிசுகள் வழங்கச் செய்தார். 1886இல் ஓய்வூதிய நிதியை ஏற்படுத்தினார். 1895 முதல் விபத்தில் காயமுற்றோர்க்கு இழப்பீடு வழங்கப்பட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் 1923இல்தான் இயற்றப்பட்டது என்பதை நோக்கினால், அவருடைய தொலைநோக்கு விளங்கும்.

இவற்றை அவர் ஈகையாகக் கருதவில்லை. தொழிலாளர் நலமும் பங்குதாரர் நலமும் பிரிக்கமுடியாதவை என்பது அவருடைய தெளிந்த கொள்கை.

வீழ்ச்சியிலும் தலைமை

1886இல் பம்பாய்க்கு அருகில் குர்லாவில் நலிந்துகிடந்த ஆலையொன்றை 12.5 இலட்சம் ரூபாய்க்கு வாங்கி, சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். பழுதடைந்த இயந்திரங்கள் பணத்தை விழுங்கின. பங்கின் விலை வீழ்ந்தது. அவருடைய பெயரே ஐயத்துக்குள்ளானது. எம்பிரஸ் ஆலையில் தமக்கிருந்த பங்குகள் சிலவற்றை விற்று அவர் பணம் திரட்டினார். நாகபுரியிலிருந்து தேர்ந்த பணியாளர்களை வரவழைத்தார். சில ஆண்டுகளில் ஆலை நிமிர்ந்தது. தம்மை நம்பிப் பணம் இட்டவர்கள் இழப்படையும்போது தலைவன் தன் பொருளைக் காத்துக்கொண்டு ஒதுங்கலாகாது என்பதை அவர் செயலால் காட்டினார்.

எல்லா முயற்சிகளும் வெல்லவில்லை. 1893இல் அயல்நாட்டுக் கப்பல் நிறுவனத்தின் மிகைக் கட்டணத்தை எதிர்த்து, ஜப்பானிய நிறுவனத்துடன் இணைந்து கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். எதிர்நிறுவனம் கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்தது. வணிகர் பலர் அப்பக்கம் சாய்ந்தனர். இழப்பு பெருகியதும் அம்முயற்சியைக் கைவிட்டார். எதனைத் தொடர்வது, எதனை நிறுத்துவது எனத் தெளிதலும் தலைமைப்பண்பின் ஒரு கூறேயாகும்.

கனவின் தொடர்ச்சி

இந்தியாவில் எஃகு ஆலை அமைப்பது அவருடைய நெடுநாள் கனவு. ஆலைக்கான இடம் முடிவாவதற்கு முன்பே, 1902இல் மகன் தோராப்ஜிக்கு எழுதிய மடலில், அமையவிருக்கும் தொழிலாளர் நகரில் அகன்ற தெருக்கள், நிழல்தரும் மரங்கள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடங்கள் இருக்கவேண்டுமென அறிவுறுத்தினார். இயந்திரங்களைப் பற்றி எண்ணும்போதே, அவற்றை இயக்கப்போகும் மனிதர்கள் எங்கே வாழ்வர் என்பதையும் அவர் எண்ணினார்.

1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் மறைந்தார். மகனும் துணைவர்களும் அப்பணியைத் தொடர்ந்தனர். 1907இல் நிறுவனம் உருவாயிற்று. 1912இல் எஃகு உற்பத்தி தொடங்கியது. எட்டு மணிநேர வேலை முறையும் அங்கு அப்போதே நடைமுறைக்கு வந்தது. சாக்சி என்னும் சிற்றூர் 1919இல் ஜாம்செட்பூர் எனப் பெயர்பெற்றது. பின்னாளில் அங்கும் வேலைநிறுத்தங்கள் எழுந்தன. நலவிதிகளை ஒருமுறை எழுதிவைத்தால் போதாது, தொழிலாளரின் குரலுக்கு ஒவ்வொரு தலைமுறையும் செவிசாய்க்க வேண்டும் என்பதை அவை உணர்த்துகின்றன.

தாம் காணாத எஃகையும் தாம் நடவாத தெருக்களையும் பிறர் உருவாக்கும் வண்ணம் மனிதர்களை ஆயத்தப்படுத்திச் சென்றவர் ஜாம்செட்ஜி. தலைவன் இல்லாதபோதும் தடையின்றி நடைபெறும் பணியே அவனுடைய தலைமைக்குச் சான்றாகும். வகுப்பில் ஒரு குழுவை வழிநடத்தும் மாணவர்க்கும் நாளை ஒரு நிறுவனத்தை நடத்தப்போகும் இளைஞர்க்கும் அவர் வாழ்வு உணர்த்தும் நெறி இதுவே.