தோட்டம் துண்டானபோது தோள் கொடுத்த துன் சம்பந்தன்

செபராங் ஜெயா: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு பற்றி இன்று அடிக்கடி பேசுகிறோம். அந்தச் சொல் நம்மிடையே புழங்குவதற்கு வெகுகாலம் முன்பே, தோட்ட முதலாளிகள் கைவிட்ட பொறுப்பைத் தொழிலாளர்களைக் கொண்டே நிறைவேற்ற முனைந்தவர் துன் வீ.தி.சம்பந்தன்.

அவர் 1919 ஜூன் 16-ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி 1896-இல் தமிழகத்திலிருந்து வந்து, பின்னர் ரப்பர் தோட்டம் கண்டவர். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்த சம்பந்தன், 1955-இல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு தொழிலாளர் அமைச்சர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பல பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சில ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பால்மரம் வெட்ட அத்தனை ஆட்கள் தேவையில்லை. வேலை போனது. லயன் வீடு தோட்டத்தின் சொத்து என்பதால் குடியிருப்பும் போனது. விற்ற நிறுவனத்துக்குக் கணக்கு முடிந்தது. தலைமுறையாக உழைத்தவர்களோ நடுத்தெருவில் நின்றார்கள்.

இதற்கு மாற்றாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அமைச்சராக இருந்தபடியே சம்பந்தன், கே.ஆர்.சோமசுந்தரத்துடன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். மாதம் 10 வெள்ளி சேமித்தால் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆகலாம் என்று விளக்கினார். அன்றைய கூலியில் 10 வெள்ளி சிறிய தொகையன்று. ஆனாலும் மக்கள் நம்பினார்கள். நம் அண்டை மாநிலமான கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பிறகு மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன.

எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. சேமிப்பு வளர்ந்த வேகத்தைவிட விற்பனை வேகம் அதிகம். எனினும் தொழிலாளியும் முதலாளியாகலாம் என்பது மெய்யானது. குடும்பச் சொத்தில் பெரும்பகுதி பொதுவாழ்வில் கரைய, 1979 மே 18-ஆம் நாள் அவர் மறைந்தார்.

பங்குச் சந்தை நிறுவனங்கள் தங்கள் சமூகப் பணிகளை ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2007-இல் வந்தது. உபகாரச் சம்பளமும் பள்ளிப் பைகளும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, அங்கு வாழ்ந்தவர்களுக்கு வீடு எங்கே என்று அறிக்கை சொல்கிறதா? சம்பந்தனின் வாழ்க்கை நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்வி அதுதான். தாத்தா பாட்டி பெயரில் சங்கப் பங்கு உள்ள குடும்பங்கள், அந்தப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்பதும் நல்லது. அது அவர்கள் வியர்வையின் சேமிப்பு.