ராபினைப் படைத்த இன்னொரு ராபின்

பேட்மேன் என்றதும் நம்ம பசங்களுக்கு நோலன், கிறிஸ்டியன் பேல், ஹீத் லெட்ஜர் எல்லாரும் வரிசையா ஞாபகம் வருவாங்க. காமிக்ஸ் படிக்கிறவங்களா இருந்தா பாப் கேன் என்ற பெயரையும் சொல்வாங்க. ஆனா காத்தம் சிட்டி என்ற பெயரையும், புரூஸ் வேன் என்ற பெயரையும், முதல் பேட்மேன் கதையையும் கொடுத்தவர் வேறொருத்தர். அவர்தான் பில் ஃபிங்கர்.

1914 பிப்ரவரி 8 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் பிறந்தார். இயற்பெயர் மில்டன். வளர்ந்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில். 1933-ல் பள்ளிப் படிப்பை முடித்தபோது நாடே வேலையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது. எழுத்தாளர் ஆகணும்னு ஆசை, ஆனா பிழைப்புக்கு ஷூ கடையில் விற்பனையாளர் வேலை.

1938-ல் சூப்பர்மேன் வந்து சக்கைப்போடு போட்டது. அதே மாதிரி இன்னொரு ஹீரோ வேணும்னு பதிப்பகம் கேட்க, ஓவியர் பாப் கேன் ஒரு படம் வரைந்தார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இரண்டு சிறகு. அதை நண்பர் ஃபிங்கரிடம் காட்டினார். தலையை மூடும் காது வைத்த முகமூடி, சிறகுக்குப் பதில் நீளமான கேப், கையுறை, சிவப்பை எடுத்துட்டு இருண்ட நிறம் என்று ஃபிங்கர் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். இன்னிக்கு நாம டி-ஷர்ட்டில் போட்டுத் திரிகிற பேட்மேன் அப்படித்தான் உருவானார். 1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27-ம் இதழில் முதல் கதை வந்தது. எழுதியது ஃபிங்கர். அச்சான பெயர் பாப் கேன் மட்டும். பதிப்பகத்திடம் ஒப்பந்தம் போட்டவர் கேன். ஃபிங்கர் அவரிடம் சம்பளத்துக்கு எழுதுகிற ஆள், அவ்வளவுதான்.

இனிமேல்தான் கதையே சுவாரசியம். எழுத எழுத ஃபிங்கருக்கு ஒரு சிக்கல் வந்தது. பேட்மேனுக்குப் பேச ஆள் இல்லை. துப்பறியும் ஹீரோ மனசுக்குள்ளேயே யோசிச்சிட்டு இருந்தா வாசகனுக்கு எப்படிப் புரியும்? ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் இருக்கிற மாதிரி இவனுக்கும் ஒருத்தன் வேணும். கேனும் அவருடைய உதவியாளர் ஜெர்ரி ராபின்சனும் சேர, 1940 ஏப்ரலில் ராபின் பிறந்தான். பறக்கத் தெரியாது, கண்ணில் லேசர் கிடையாது. பெற்றோரை இழந்த ஒரு சர்க்கஸ் பையன். அந்த ஒரு பையன் கிளிக் ஆனதும் கேப்டன் அமெரிக்காவுக்கு பக்கி, கிரீன் ஆரோவுக்கு ஸ்பீடி என்று மற்ற ஹீரோக்களுக்கும் கூட்டாளிகள் வந்துவிட்டார்கள்.

ராபினோடு அவர் நிறுத்தவில்லை. ஓவியர் மார்ட்டின் நோடெலோடு சேர்ந்து கிரீன் லேன்டர்னை உருவாக்கினார். 1941-ல் அந்த ஹீரோவுக்கும் டாய்பி டிக்கிள்ஸ் என்று ஒரு நண்பனைக் கொடுத்தார். யார் தெரியுமா? புரூக்ளின் பேச்சு பேசும் குண்டான டாக்ஸி டிரைவர்! மந்திர மோதிரம் போட்டவன் பக்கத்தில், கையில் ஒரு ஸ்பேனரோடு நிற்கிற சாதாரண மனுஷன். வாசிக்கிற நம்ம பக்கத்து ஆள் அவன்தான். சூப்பர் ஹீரோவை நாம தூரத்திலிருந்து ரசிப்போம். ஆனா நண்பனா நினைக்க வைக்கிறது இந்த மாதிரி சைட்கிக்தான். அதை ஃபிங்கர் நல்லாவே புரிஞ்சு வைத்திருந்தார்.

ஃபிங்கர் ஒன்றும் குறையே இல்லாத ஆள் இல்லை. எழுதுவதில் ரொம்ப ஸ்லோ, டெட்லைனைத் தவறவிடுவார். கையில் எப்பவும் ஒரு நோட்டு இருக்கும். கண்ணில் படும் விநோதமான தகவலை எல்லாம் குறித்துவைத்து கதையில் சேர்ப்பார். நல்ல கதை வந்தது, பணம்தான் வரவில்லை. சண்டை போட்டு உரிமை கேட்கும் சுபாவமும் அவருக்கு இல்லை.

1965-ல் நியூயார்க் காமிக்ஸ் ரசிகர் கூட்டம் ஒன்றில் அவர் பேசிய பிறகுதான் விஷயம் கொஞ்சம் வெளியே வந்தது. கேன் உடனே ஒரு திறந்த கடிதம் எழுதி மறுத்தார். அடுத்த ஆண்டு டிவி தொடரில் இன்னொருவரோடு சேர்ந்து ஃபிங்கர் எழுதிய இரண்டு பகுதிக் கதை ஒன்று ஒளிபரப்பானது. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு பேட்மேன் கதைக்கு அவர் பெயர் திரையில் வந்தது அதில்தான். 1974 ஜனவரி 18 அன்று, 60 வயதுகூட நிறையாமல், கையில் காசில்லாமல் இறந்துபோனார்.

1989-ல் தன் சுயசரிதையில், ஃபிங்கருக்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்று கேனே ஒப்புக்கொண்டார். கேட்க வேண்டியவர் போய் 15 வருஷம் ஆகியிருந்தது. பிறகு எழுத்தாளர் மார்க் டைலர் நோபில்மேன் ஃபிங்கரின் வாழ்க்கையைத் தோண்டி எடுத்தார். யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு பேத்தியைக் கண்டுபிடித்தார். அந்தப் பேத்தி விடாமல் கேட்டதால், 2015-ல் நிறுவனம் ஃபிங்கர் பெயரையும் சேர்க்க ஒத்துக்கொண்டது.

அடுத்த முறை பேட்மேன் படம் பார்க்கும்போது டைட்டிலை ஸ்கிப் பண்ணாதீங்க. படைத்தவர் பாப் கேன், பில் ஃபிங்கருடன் என்று வரும். கேனும் ஃபிங்கரும் என்று சமமாகப் போடவில்லை, ஃபிங்கருடன் என்றுதான். அதற்கே 76 வருஷம் ஆச்சு. ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயர் வரிசை போடப்போகிற நாமளும் ஒரு நிமிஷம் யோசிச்சா நல்லது. ராத்திரி முழுக்க கோடு எழுதினவன் கூச்சத்தில் வாய் திறக்கவில்லை என்பதற்காக அவன் பெயர் கடைசிக்குப் போகக் கூடாது இல்லையா?