ரெண்டு ரோட்டரில் தோல்வி, 30 வருஷக் காத்திருப்பு: ஹெலிகாப்டர் சிகோர்ஸ்கி யார்?

முதன்முதலாக ரிமோட் ஹெலிகாப்டர் வாங்குபவர்களுக்குப் பெரும்பாலும் சிபாரிசு செய்யப்படுவது, ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு ரோட்டர் சுழலும் குட்டி மாடல்தான். கை பழகிய பிறகே மேலே ஒற்றை ரோட்டர், வாலில் ஒரு சின்ன ரோட்டர் உள்ள மாடல். இகோர் சிகோர்ஸ்கியின் வாழ்க்கையும் இதே வரிசையில்தான் போனது. என்ன, முதல் படியிலிருந்து ரெண்டாவது படிக்கு வர அவருக்கு 30 வருஷம் பிடித்தது.

ரப்பர் பேண்டில் பறந்தது

1889-ல் கீவ் நகரில் பிறந்தவர் சிகோர்ஸ்கி. இன்றைக்கு உக்ரைன் தலைநகர். அப்போது ரஷ்யப் பேரரசின் ஊர். அப்பா பேராசிரியர். மருத்துவம் படித்த அம்மா, டா வின்சியின் பறக்கும் எந்திரங்களைப் பற்றிச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தார். 12 வயதில், முறுக்கிய ரப்பர் பேண்டால் மேலே எழும்பும் மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றைச் செய்தார் இகோர். அது பறந்தது.

அதையே பெரிசாகச் செய்தால்? 1909-ல் அக்கா ஓல்கா கொடுத்த பணத்தோடு பாரிஸ் போய், 25 குதிரைத்திறன் இன்ஜின் வாங்கி வந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக, எதிரெதிர் திசையில் சுழலும் ரெண்டு ரோட்டர். அது தரையை விட்டு எழவே இல்லை. 1910-ல் செய்த அடுத்த எந்திரம் தன் எடையை மட்டும் தூக்கியது. ஆள் ஏற முடியவில்லை.

பொம்மையில் பலித்தது பெரிசில் ஏன் பலிக்கவில்லை? ஒரு பொருளை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெரிதாக்கினால் அதன் பரப்பு 4 மடங்குதான் கூடும், எடையோ 8 மடங்கு ஏறிவிடும். அன்றைய இன்ஜின்களும் தரும் சக்திக்கு மிஞ்சிய கனம். ஆசை சரி, இன்ஜின் பத்தாது என்று புரிந்ததும் அவர் ஹெலிகாப்டரை ஓரமாக வைத்தார்.

நடுவில் வந்த விமானங்கள்

1913-ல் 4 இன்ஜின் விமானத்தைப் பறக்கவிட்டு ரஷ்யாவில் பெரிய ஆளானார். புரட்சி வந்தது. 1919-ல் நியூயார்க் போய் இறங்கியபோது கையில் காசு இல்லை. குடியேறிய ரஷ்யர்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்துப் பிழைத்தார். 1923-ல் ஒரு கோழிப்பண்ணையில் தொடங்கிய அவரது கம்பெனிக்கு, இசைமேதை ரக்மானினோவ் 5,000 டாலர் கொடுத்து உதவினார். 1926-ல் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய அவரது விமானம் ஓடுபாதையிலேயே விபத்தில் சிக்கி 2 பேர் இறந்தனர். பிறகு கடல் விமானங்கள் அவரைக் காப்பாற்றின. 1938-ல் அந்தப் பிரிவையும் மூட முடிவெடுத்த தாய் நிறுவனத்திடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஹெலிகாப்டர் செய்ய அனுமதி.

50 வயதில் முதல் பாடம்

இந்த முறை ஒற்றை ரோட்டர். இதில் ஒரு சிக்கல் உண்டு. ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். ரெண்டு ரோட்டர் மாடலில் ஒன்றின் முறுக்கை இன்னொன்று சரிக்கட்டிவிடும். புதுசாகப் பழகுபவர்களுக்கு அது சுலபமாக இருப்பது அதனால்தான். ஒற்றை ரோட்டரில் அந்த வேலையை வாலில் உள்ள குட்டி ரோட்டர் செய்யவேண்டும்.

1939 செப்டம்பர் 14, கனெக்டிகட் மாகாணத்தின் ஸ்ட்ராட்ஃபோர்ட். விஎஸ்-300 என்ற அந்த எந்திரத்தில் மூடி கிடையாது, வெறும் இரும்புக் குழாய்ச் சட்டம்தான். தொப்பியோடு ஏறி உட்கார்ந்தவர் சிகோர்ஸ்கியே. கவிழாமலிருக்கக் கயிறு கட்டி, கீழே எடையும் தொங்கவிட்டிருந்தார்கள். சில நொடிகள், தரையிலிருந்து கொஞ்சூண்டு உயரம். அவ்வளவுதான். இன்று ரிமோட் ஹெலிகாப்டர் பழகுபவர்கள் அடியில் குறுக்குக் குச்சி கட்டி, முனைகளில் பந்து மாட்டி, சில அங்குல உயரத்தில் நிறுத்திப் பழகுவதும் இதே கதைதான். வித்தியாசம், அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கவிழ்ந்தால் போவது பேட்டரி இல்லை, உயிர்.

கவிழவும் செய்தது. அந்த டிசம்பரிலேயே காற்றில் சாய்ந்து நொறுங்கியது. வாலில் 3 ரோட்டர் வரை மாட்டிப் பார்த்தார்கள். 1940 மே 13-ல் கயிறில்லாமல் பறந்தது. பக்கவாட்டில் போகும், பின்னால் போகும். முன்னால் போகத்தான் அடம்பிடிக்கும்! அதைச் சரிசெய்து, வாலில் ஒரே ரோட்டர் போதும் என்ற நிலைக்கு வர 1941 கடைசி ஆகிவிட்டது.

பிறகு நடந்தது

அதன் வாரிசான ஆர்-4 ராணுவத்துக்குப் போனது. 1944 ஏப்ரலில் அசாமின் லாலாகாட்டிலிருந்து கிளம்பிய ஒன்று, பர்மா காட்டில் சிக்கிய 4 பேரை ஒவ்வொருவராகத் தூக்கி வந்தது. கூட ஒரே ஒருவரைத்தான் ஏற்ற முடியும். 1945 நவம்பரில் கனெக்டிகட் கரையோரம் புயலில் மாட்டிய படகிலிருந்து 2 பேரைக் கயிற்றில் இழுத்துக் காப்பாற்றியது இன்னொரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர். ஓட்டியவர் அவரது உறவினர் ஜிம்மி வைனர்.

1972 அக்டோபர் 26-ல், 83 வயதில் சிகோர்ஸ்கி காலமானார். கயிறு கட்டிப் பறக்கவிட்ட அந்த விஎஸ்-300, அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.