யார் இந்த ராஜம் ஐயர்? 26 வயசுக்குள் தமிழ் நாவலுக்குப் பாதை போட்டவர்!

வாட்ஸ்அப் வதந்தி ஒண்ணு போதும், குடும்பமே உடைஞ்சுபோகும். வாட்ஸ்அப் இல்லாத 1893-லேயே இதைக் கதையாக்கியவர் பி.ஆர்.ராஜம் ஐயர்.

1872-ல் வத்தலகுண்டில் பிறந்தார். மதுரையில் படிப்பு, அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. சட்டப் படிப்பு கைகொடுக்கவில்லை. 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியபோது வயசு 21தான்!

கதை நடப்பது மதுரைப் பக்கம் சிறுகுளம் கிராமத்தில். திண்ணை வம்பு, ஓரகத்தி பொறாமை, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரின் கூத்து என முன்பாதி கலகலப்பு. பிறகு சொத்து போகிறது. கமலாம்பாள் மீது ஊர் கிளப்பிய அவதூறை நம்பி, கணவர் முத்துஸ்வாமி ஐயர் வீட்டைவிட்டே கிளம்பிவிடுகிறார். கோல்ட்ஸ்மித் 1766-ல் வெளியிட்ட 'விகார் ஆஃப் வேக்ஃபீல்டு' படித்தவர்களுக்கு, ஒரு கிராமத்துக் குடும்பம் அடுத்தடுத்து அடிவாங்கும் இந்தக் கதை பழகிய மாதிரி இருக்கும். ஆனா பேச்சும் கிண்டலும் சுத்தமா நம்ம ஊர். பின்பாதியில் வேதாந்தம் கொஞ்சம் தூக்கல்தான்.

1896-ல் நாவல் புத்தகமானது. அதே வருஷம் விவேகானந்தரின் சென்னை சீடர்கள் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' ஆங்கில இதழுக்கு ஆசிரியரானார். 1898 மே 13-ல் மரணம். அடுத்த மாதமே இதழ் நின்றது. சில வாரங்களில் அல்மோராவில் மீண்டும் தொடங்கியது, இன்னைக்கும் வருது.

நாவல்? அந்த ஒண்ணுதான் எழுதி முடித்தார்.