மூக்கில் ஆணி அடித்தே பிழைத்த 'மரமண்டை' மெல்வின்!

ப்ளோரிடா: சுத்தியலால் தன் மூக்குக்குள்ளேயே ஆணி அடித்து அமெரிக்கர்களை அலற வைத்தவர் மெல்வின் பர்க்கார்ட். 2001-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி 94 வயதில் இறந்த இவருக்கு அந்த வித்தை வந்த கதையே தனி!

1907-ல் பிறந்த மெல்வின் வளர்ந்தது கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில். வாலிப வயதில் குத்துச்சண்டையில் இறங்கினார். கிடைத்ததெல்லாம் உதைதான். 6 சண்டை போட்டார், ஆறிலும் தோல்வி. மூக்கு நொறுங்கியது. ஆபரேஷன் செய்து 22 எலும்புத் துண்டுகளை எடுத்தார்கள்.

வேறு ஆளாக இருந்தால் வீட்டில் முடங்கியிருப்பார். மெல்வினோ, மூக்குக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதே என்று யோசித்தார். நீளமான ஆணியை எடுத்தார். பிறந்தது புது வித்தை!

ரகசியம் என்ன?

மூக்கு துவாரம் மேலே மூளையை நோக்கிப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது தப்பு. மேலண்ணத்துக்கு மேலாக, தொண்டைப் பக்கம் நேராகப் பின்னால் போகிறது. ஆணி போனதும் அந்த வழியில்தான். ஆணி நிஜம், மூக்கும் நிஜம். கண்கட்டு வித்தை எதுவும் கிடையாது. (வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து!)

'நம்பினால் நம்புங்கள்' புகழ் ராபர்ட் ரிப்ளிதான் இவருக்கு 'மரமண்டை மனிதர்' என்று பட்டம் சூட்டியதாகச் சொல்வார்கள்.

பாதி சிரிப்பு, பாதி கோபம்

மெல்வினிடம் வேறு சரக்கும் இருந்தது. முகத்தின் ஒரு பாதி சிரிக்கும், மறுபாதி முறைக்கும். வயிறு இருந்த இடமே தெரியாத அளவுக்கு உள்ளே இழுத்துக் கொள்வார். கழுத்தை நீட்டிக் காட்டுவார். ஒரு முறை 14 வித்தைகள் கொண்ட காட்சியில் 9 வித்தைகளை இவர் ஒருத்தரே செய்தார்!

பொருட்காட்சித் திடலில் கூடாரம் போட்டு, காசு வாங்கிக்கொண்டு காட்டும் 'சைடுஷோ'தான் இவர் பிழைப்பு. டி.வி. வந்ததும் கூட்டம் குறைந்தது. உடல் குறையுள்ளவர்களை வேடிக்கைப் பொருளாக்குவதா என்ற எதிர்ப்பும் கிளம்பியது. கூடாரங்கள் ஒவ்வொன்றாக மூடின. மெல்வின் மட்டும் 1989 வரை தாக்குப் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 82!

ஓய்வுக்காலத்தை தம்பா அருகே கிப்சன்டன் பகுதியில் கழித்தார். திருவிழாக் கலைஞர்கள் கூட்டமாகக் குடியேறிய ஊர் அது. குள்ள மனிதர்களுக்காக போஸ்ட் ஆபீசில் தாழ்வான கவுண்ட்டரே வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

மூக்கில் ஆணி அடிக்கும் வித்தையை அவருக்குப் பின் வந்தவர்களும் மேடையேற்றினார்கள். 6 சண்டையில் உடைந்து போன மூக்குதான் மெல்வினுக்கு கிழவயது வரை சோறு போட்டது!