இடியப்போகும் தெருக்களை 30 வருஷம் படமெடுத்த மனிதர்: யார் இந்த யூஜின் அட்ஜே?

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. பாரிஸ் நகரின் ஒரு குறுகலான தெருவில், பழைய கோட்டு போட்ட ஒருவர் பெரிய மரப்பெட்டிக் கேமராவை மூணு கால் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்துகிறார். தலைக்கு மேல் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்க்கிறார். எதிரே அரசரும் இல்லை, நடிகையும் இல்லை. ஒரு பழைய கடை, அதன் பெயர்ப் பலகை, கல் பாவிய தெரு. அவ்வளவுதான்.

இந்த வேலையைத்தான் அவர் ஏறக்குறைய 30 வருஷம் செய்தார். பெயர் யூஜின் அட்ஜே. தெருப் புகைப்படம் பற்றிப் பேசுகிற யாரும் இன்று இவரைத் தாண்டிப் போக முடியாது. ஆனால், அவர் தன் படங்களை ஆவணங்கள் என்றுதான் சொன்னார். இறந்தபோது அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அப்படி என்னதான் எடுத்தார்? எதற்காக எடுத்தார்? அந்தப் படங்கள் எப்படித் தப்பிப் பிழைத்தன?

கப்பல் வேலையும் மேடைக் கனவும்

பிரான்ஸின் போர்தோ நகருக்கு அருகில் உள்ள லிபோர்ன் என்ற ஊரில், 1857 பிப்ரவரி 12-ம் தேதி பிறந்தார் அட்ஜே. சின்ன வயசிலேயே அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். தாத்தா, பாட்டிதான் வளர்த்தார்கள்.

படிப்பு முடிந்ததும் வணிகக் கப்பலில் வேலைக்குப் போனார். ஆனால் மனசு முழுக்க நாடகம்தான். 1878-ல் பாரிஸுக்கு வந்து, அங்கிருந்த புகழ்பெற்ற நாடகப் பள்ளியில் சேர முயன்றார். முதல் முறை இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் கிடைத்தது.

அதிலும் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் பிரான்ஸில் ராணுவ சேவை கட்டாயம். ராணுவத்தில் இருந்துகொண்டே வகுப்புக்கும் போக வேண்டிய நிலை. இரண்டையும் சமாளிக்க முடியாமல், 1881-ல் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

விடவில்லை. ஊர் ஊராகப் போய் நடிக்கும் நாடகக் குழுவில் சேர்ந்தார். 1886-ல் வாலன்டீன் என்ற நடிகையைச் சந்தித்தார். அவரைவிட 10 வயது மூத்தவர். அதன்பிறகு வாழ்நாள் முழுக்க இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். ஆனால் குரல்வளையில் வந்த தொற்று, அட்ஜேயின் நடிப்புத் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

கேமரா எப்படிக் கைக்கு வந்தது?

ஓவியம் வரைந்து பார்த்தார். அது சோறு போடவில்லை. 1880-களின் கடைசியில் கேமராவைக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 30-ஐத் தாண்டிவிட்டது.

பாரிஸில் நிறைய ஓவியர்கள் இருந்தார்கள். மரம், இலை, கதவு, மாடிப்படி, குதிரை வண்டி என்று எதை வரைவதாக இருந்தாலும் அவர்களுக்குப் பார்த்து வரைய மாதிரி வேண்டும். ஒவ்வொரு முறையும் நேரில் போய்ப் பார்க்க முடியுமா? அந்தத் தேவையைப் பிடித்துக்கொண்டார் அட்ஜே. ஓவியர்களுக்கான ஆவணங்கள் இங்கே கிடைக்கும் என்று வாசலில் பலகை மாட்டினார்.

அதாவது, இது ஒரு சின்ன வியாபாரம். கலைக்கூடத்தில் மாட்டுவதற்காக அவர் படம் எடுக்கவில்லை. ஓவியர், கட்டடக் கலைஞர், நாடக மேடை அமைப்பாளர் என்று யாருக்கு எது தேவையோ, அந்தப் படத்தை விற்றுத்தான் வீட்டு வாடகை கட்டினார்.

பழைய பாரிஸ் ஏன் காணாமல் போனது?

அட்ஜே பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால், 1853-ல், மூன்றாம் நெப்போலியன் பாரிஸை மாற்றியமைக்கும் பொறுப்பை ஓஸ்மான் என்ற அதிகாரியிடம் கொடுத்தார். நூற்றாண்டுகள் பழமையான சந்துகள் இடிக்கப்பட்டன. அந்த இடத்தில் நீளமான, அகலமான சாலைகள் வந்தன. புதிய சாக்கடை, புதிய குடிநீர்க் குழாய், ஒரே மாதிரியான கட்டடங்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் ரசிக்கும் பாரிஸின் பெரும்பகுதி அப்படி உருவானதுதான்.

ஓஸ்மான் 1870-ல் பதவியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் இடிப்பது நிற்கவில்லை. 1900-ல் உலகக் கண்காட்சி, அதே வருஷம் மெட்ரோ ரயில். நகரம் வேகமாக மாறிக்கொண்டே இருந்தது. மிச்சமிருக்கும் பழைய பாரிஸாவது பதிவாக வேண்டும் என்ற கவலை அறிஞர்களுக்கும் நூலகங்களுக்கும் வந்தது.

அட்ஜேயும் 1897-98 வாக்கில் முழுமூச்சாக இதில் இறங்கினார். கர்னவாலே அருங்காட்சியகம், பிரான்ஸின் தேசிய நூலகம் போன்றவை அவரிடம் படங்களை வாங்கின. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் வாங்கியது.

ஈபிள் கோபுரமோ பெரிய சாலைகளோ அவரை ஈர்க்கவில்லை. கதவில் தட்டுவதற்கு மாட்டியிருக்கும் இரும்பு வளையம், படிக்கட்டின் கைப்பிடி, மதுக்கடையின் பெயர்ப் பலகை, முற்றத்தில் கிடக்கும் கைவண்டி. இப்படித் தினமும் கடந்துபோகும் பொருள்களைத்தான் அவர் தேடித்தேடி எடுத்தார்.

தெருவில் பிழைத்த மனிதர்கள்

கட்டடங்கள் மட்டும் இல்லை. 1898-லிருந்து 1900 வரை, தெருவில் சின்னச் சின்ன வேலை செய்து பிழைத்தவர்களைப் படமெடுத்தார். ரொட்டி சுமந்து போகும் பெண், விளக்குக்கு மூடி விற்பவர், குப்பை பொறுக்குபவர் என்று பலர். பெரிய கடைகள் பெருகப் பெருக, இந்தத் தொழில்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

அதில் ஒரு படம் ரொம்பப் பிரபலம். கைப்பிடியைச் சுற்றினால் இசை வரும் பெட்டியோடு ஒரு தாடிக்காரர் நிற்கிறார். பக்கத்தில் குள்ளமான ஓர் இளம்பெண். முகத்தை மேலே தூக்கி, வாய் நிறையச் சிரித்துப் பாடுகிறாள். சில்லறைக்காகப் பாடும் பாட்டுதான். ஆனால் அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷம் 100 வருஷம் தாண்டியும் அப்படியே இருக்கிறது.

பின்னாளில், நகர எல்லையில் பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே, தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டு வாழ்ந்தவர்களிடமும் போனார். அவர்களுக்கென்று தனி ஆல்பமே தயாரித்தார். 1913-ல் அது முடிந்தது.

1910-ல் பாரிஸ் வீடுகளின் உட்புறத்தைக் காட்டும் ஓர் ஆல்பத்தையும் தயாரித்தார். அதில் சுவாரஸ்யமான ஒரு விஷயம் உண்டு. வேறு யாரோ ஒருவரின் வீடு என்று குறிப்பிட்டிருந்த சில படங்கள், உண்மையில் அட்ஜேயின் சொந்த வீடுதான்! ஆய்வாளர்கள் இதைப் பின்னாளில்தான் கண்டுபிடித்தார்கள்.

ஒரு படம் எடுக்க எவ்வளவு பாடு?

இன்று செல்போனை எடுத்து ஒரு தட்டு தட்டினால் படம் ரெடி. அட்ஜேயின் கதை வேறு. கேமரா, ஸ்டாண்ட், 18-க்கு 24 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகள் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நகரம் முழுக்க அலைந்தார்.

லேசான, வேகமான கேமராக்கள் பிறகு சந்தைக்கு வந்தன. அவர் மாறவில்லை. கடைசிவரை அதே மரக் கேமராதான்.

ஒவ்வொரு தகட்டிலும் ஒளி பதிய நேரம் ஆகும். அதற்குள் யாராவது குறுக்கே நடந்தால், படத்தில் புகை மாதிரி ஒரு மங்கல் உருவம்தான் மிஞ்சும். கூட்டம் சேரும் முன் அதிகாலையில் அவர் கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய பல தெருக்கள் ஆளே இல்லாமல் வெறிச்சோடி இருப்பதும் அதனால்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடி நெகட்டிவை உணர்தாள் மேல் நேரடியாக வைத்து, வெயிலில் காய விட்டுப் படத்தை உருவாக்குவார். பெரிதாக்கும் கருவி எதுவும் கிடையாது. நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு.

கண்டுகொண்ட இளைஞர்கள்

1899-லிருந்து அட்ஜே குடியிருந்தது மோன்பர்னாஸ் பகுதியில், காம்பான் பிரமியே என்ற தெருவில். 1920-களில் அதே தெருவில் குடிவந்தார் மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர். சர்ரியலிசம் என்ற புதிய கலை இயக்கத்தின் முக்கியமான ஆள். கனவையும் நிஜத்தையும் கலந்து பார்ப்பதுதான் அந்த இயக்கத்தின் பாணி.

அட்ஜேயின் கடைக் கண்ணாடிப் படங்கள் மேன் ரேவைக் கட்டிப்போட்டன. 1925-ல் கோப்லான் சாலையில் எடுத்த துணிக்கடைப் படங்களைப் பார்த்தால் காரணம் புரியும். கோட்டு சூட்டு போட்ட பொம்மைகள் கண்ணாடிக்குப் பின்னால் சிரிக்கின்றன. அதே கண்ணாடியில் எதிர்ச் சாலையின் மரங்களும் கட்டடங்களும் பிரதிபலிக்கின்றன. பொம்மை உள்ளே இருக்கிறதா, தெருவில் இருக்கிறதா என்று குழப்பம் வரும். விளம்பரமும் ஜவுளிக்கடையும் ஆளத் தொடங்கிய புது நகரம் அந்தப் படங்களில் இருக்கிறது.

1926-ல் சர்ரியலிஸ்டுகளின் பத்திரிகை, அட்ஜேயின் ஒரு படத்தை அட்டையில் போட்டது. 1912 ஏப்ரலில் சூரிய கிரகணத்தைப் பார்க்க பஸ்தீல் சதுக்கத்தில் கூடிய மக்கள், ஒட்டுமொத்தமாக வானத்தை அண்ணாந்து பார்க்கும் காட்சி அது. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் அட்ஜே. அது வெறும் ஆவணம் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

போரும் ஒரு பயமும்

முதல் உலகப் போரில் வாலன்டீனின் மகன் கொல்லப்பட்டார். போர் வருஷங்களில் அட்ஜே படமெடுப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். கண்ணாடித் தகடுகளை நிலவறையில் வைத்துப் பாதுகாத்தார்.

போர் முடிந்ததும் அவரை அரித்த கேள்வி ஒன்றுதான். தனக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும்? வாரிசு இல்லை. கண்ணாடித் தகட்டின் மதிப்புத் தெரியாத ஒருவர் கையில் போனால், எல்லாமே குப்பைக்குத்தான் போகும்.

1920-ல் அரசின் கலைத் துறைக்குக் கடிதம் எழுதினார். பழைய பாரிஸ் மொத்தமும் தன்னிடம் இருப்பதாகவே அதில் பெருமையோடு குறிப்பிட்டார். அரசு 2,621 நெகட்டிவ்களை 10,000 பிராங்குக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பணம், இனி வாடிக்கையாளருக்காக இல்லாமல் தனக்குப் பிடித்ததை எடுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தது. பூங்காக்கள், குளங்கள், மரங்களின் வேர்கள் என்று அவருடைய கடைசி வருஷப் படங்கள் வேறொரு அமைதியோடு இருக்கின்றன.

கதவு திறக்கவில்லை

1926 ஜூனில் வாலன்டீன் இறந்தார். 40 வருஷத் துணை போன பிறகு அட்ஜே ஒடிந்துபோனார்.

மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபட் என்ற இளம் அமெரிக்கப் பெண், அட்ஜேயின் வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தவர். 1927-ல் அட்ஜேயைத் தன் ஸ்டூடியோவுக்கு அழைத்து உருவப்படம் எடுத்தார். வேலைக்குப் போடும் பழைய உடையில் வருவார் என்று எதிர்பார்த்தார். அட்ஜேயோ நல்ல ஓவர்கோட் போட்டு வந்து உட்கார்ந்தார்.

பிரிண்ட் ரெடியானதும் காட்டுவதற்காக அபட் வீட்டுக்குப் போனார். அட்ஜே அங்கே இல்லை. 1927 ஆகஸ்ட் 4-ம் தேதி, 70 வயதில் இறந்துபோயிருந்தார்.

படங்கள் எப்படிப் பிழைத்தன?

அட்ஜேயின் நண்பரும் நடிகருமான ஆந்த்ரே கல்மெத் என்பவரிடம் மிச்சப் படங்கள் இருந்தன. அவரைத் தேடிப் பிடித்து, 1928-ல் ஆயிரத்துக்கும் அதிகமான கண்ணாடி நெகட்டிவ்களையும் ஆயிரக்கணக்கான பிரிண்ட்களையும் வாங்கினார் அபட். கையில் பணம் இல்லை. ஜூலியன் லெவி என்ற நண்பர் உதவினார்.

1929-ல் அபட் நியூயார்க் திரும்பினார். அட்ஜேயின் தொகுப்பும் அமெரிக்காவுக்குப் போனது. 1930-ல் அட்ஜேயின் படங்கள் முதல் முறையாகப் புத்தகமாக வெளிவந்தன. அடுத்த வருஷம், ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் தன் கட்டுரையில், ஆளில்லாத அந்தத் தெருக்களைக் குற்றம் நடந்த இடத்தோடு ஒப்பிட்டார்.

அபட் அதோடு நிற்கவில்லை. அட்ஜே பாரிஸுக்குச் செய்ததை, 1930-களில் நியூயார்க்குக்குச் செய்தார். வானுயரக் கட்டடங்கள் எழும்ப, பழைய கடைகள் மறையும் நகரத்தைப் பதிவு செய்த அவரது புத்தகம் 1939-ல் வெளியானது.

அட்ஜேயின் தொகுப்பைச் சுமார் 40 வருஷம் பாதுகாத்தார் அபட். 1968-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1981-லிருந்து 1985-க்குள் நாலு தொகுதிகளாக அவருடைய படங்களை வெளியிட்டது.

அட்ஜே நின்று படமெடுத்த கடைகளும் சந்துகளும் பல இன்று இல்லை. அந்தப் பாட்டுக்காரப் பெண் யார் என்றும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆனால் படத்தில் அவள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாள். ஒரு மனிதர் 20 கிலோ சுமையோடு அந்தத் தெருவுக்குப் போனதும், ஓர் இளம்பெண் கடன் வாங்கியாவது அந்தப் பெட்டிகளை வாங்கியதும்தான் அதற்குக் காரணம்.