காரன்வாலிஸ்: இரு எல்லைகள் கண்டவர்

ஓசூர்த் தொழிற்கூடங்களைப் பின்னே விட்டு, சூளகிரி கடந்து பேருந்தில் வரும் நம் மாணவர், கிருஷ்ணகிரியை நெருங்கியதும் கோட்டை மலையைக் காண்பர். அம்மலையை வெல்ல முயன்று தோற்ற படையின் தலைமைத் தளபதி யார் என வினவினால் விடை அரிதாகவே வரும். அவரே சார்லஸ் காரன்வாலிஸ். வங்காளத்து நிரந்தர நிலவரித் திட்டத்தோடு நாம் அவரை மனனம் செய்து முடித்துவிடுகிறோம். அமெரிக்காவின் எல்லை மேற்கே விரிவதற்கும் கம்பெனியின் எல்லை நம் மண்ணுக்குள் விரிவதற்கும் அவ்வொருவரே காரணராயினார் என்பதையும், இரு நாடுகளிலும் அடிமைகளின் விதி அவர் கையில் சிலகாலம் இருந்தது என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

1738 டிசம்பர் 31இல் இலண்டனில், பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே படையில் சேர்ந்தார். அமெரிக்கக் குடியேற்ற மக்கள்பால் பிரபுக்கள் சபையில் பரிவு காட்டியவர் எனினும், போர் மூண்டதும் அவர்களையே எதிர்த்துப் போரிடச் சென்றார். 1780இல் காம்டன் களத்தில் வென்று, அடுத்த ஆண்டு வர்ஜீனியாவுக்குள் புகுந்தார்.

அங்கேதான் நம் நெஞ்சை உறுத்தும் பகுதி தொடங்குகிறது. கிளர்ச்சியாளரின் அடிமைகள் ஆங்கிலேயர் பக்கம் வந்தால் பாதுகாப்பு உண்டு என 1779இல் ஆங்கிலத் தலைமைத் தளபதி அறிவித்திருந்தார். அதனை விடுதலையின் வாக்குறுதியாக நம்பிப் புகையிலைப் பண்ணைகளிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள், கைக்குழந்தைகளையும் சுமந்து, காரன்வாலிஸின் படையைப் பின்தொடர்ந்தனர். வாஷிங்டன், ஜெபர்சன் ஆகியோரின் பண்ணைகளிலிருந்தும் அடிமைகள் தப்பி ஆங்கிலேயரை நாடினர். யார்க்டவுன் அரண்களுக்காக மண் வெட்டியவர்களுள் இவர்கள் பலர். முற்றுகை இறுகி உணவு குறைந்தபோது, வைசூரி கண்டவர் உட்பட அவர்களை அரணுக்கு வெளியே துரத்தினர். இரு படைகளுக்கும் நடுவே காடுகளில் கிடந்து பலர் மடிந்தனர். அடைக்கலம் புகுந்தோரைக் கைவிட்ட செயலுக்குப் போர்நெறி எதனைச் சான்று காட்டினாலும் நம் மனம் ஒப்பவில்லை. 1781 அக்டோபர் 19இல் 7,000க்கும் மேற்பட்ட வீரர்களுடன் அவர் சரணடைந்தார். உடல்நலமில்லை எனக் கூறி, வாளை ஒப்படைக்கத் துணைத்தளபதியை அனுப்பிவிட்டார். அவருக்கு ஈடாக விடுவிக்கப்பட்டவர், இலண்டன் கோபுரத்தில் சிறையிருந்த ஹென்றி லாரன்ஸ். விடுதலைப் போராட்டத் தலைவரான இவர் முன்னாளில் அடிமை வணிகர்! வரலாறு சில வேளைகளில் இப்படியும் நகைக்கிறது.

அத்தோல்வியின் பயனாக 1783 உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரையிலான நிலம் அமெரிக்கர் வசமாயிற்று. குடியேறியோர் மேற்கே பெருக, புதிய நிலங்களில் அடிமை முறை செல்லலாமா என்னும் வழக்கும் உடன் வளர்ந்தது. 1787இல் ஒகாயோ ஆற்றின் வடமேற்கே தடை, 1820இல் மிசௌரி சமரசம் எனத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 1861இல் உள்நாட்டுப் போராக வெடித்தது. அதைக் காணக் காரன்வாலிஸ் இல்லை.

தோற்றவருக்குத் தண்டனை ஏதுமில்லை. 1786இல் தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்தார். 1789இல், வங்காளத்திலிருந்து மக்களை அடிமைகளாகக் கடல்வழி ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தார். நற்செயலே, மறுக்கவில்லை. ஆயினும் உள்நாட்டு அடிமை முறை அப்படியே தொடர்ந்தது. அதற்குச் சட்டம் தந்த ஆதரவு 1843இல்தான் நீங்கிற்று. யார்க்டவுன் காட்சிகள் அவர் உள்ளத்தை அசைத்தனவோ என எண்ணத் தோன்றுகிறது.

திப்பு சுல்தானுடன் மூண்ட மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 மார்ச்சில் பெங்களூரும் ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் அவர் படைகளிடம் வீழ்ந்தன. கிருஷ்ணகிரி மட்டும் வளையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த படை அடிவாரப் பேட்டையைப் பிடித்தும், மேற்கோட்டையைக் கொள்ள இயலாது திரும்பியது. வாளால் வெல்லாததை 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பெற்றனர். சுல்தான் நாட்டில் பாதி, 3 கோடியே 30 இலட்சம் ரூபாய். இவற்றிற்குப் பிணையாகச் சுல்தானின் மைந்தர் அப்துல் காலிக், முயிஸுத்தீன் ஆகிய இரு சிறுவர்! காரன்வாலிஸ் அவர்களைக் கைபற்றி வரவேற்றுத் தங்கக் கடிகாரங்கள் அளித்தார். தந்தையைப் பிரிந்த பிள்ளைகளுக்குக் கடிகாரம்! 1794இல்தான் அவர்கள் வீடு திரும்பினர்.

பாராமகால் கம்பெனிக்குச் சேர்ந்தது. ஓசூர்ப் பகுதியோ 1799 வரை மைசூர் வசமே இருந்தது. ரீடும் அவர் உதவியாளர் மன்றோவும் இம்மண்ணை அளந்து, உழவரிடமே நேரில் வரி பெறும் இரயத்துவாரி முறைக்கு வித்திட்டனர். தம் வங்காளத் திட்டத்திற்கு நேர்மாறான முறை தாம் வென்ற நிலத்திலேயே முளைத்ததை அவர் எவ்வாறு கருதினாரோ!

1805 ஜூலையில் மீண்டும் தலைமை ஆளுநராக வந்தவர், அக்டோபர் 5இல் காஜிப்பூரில் காலமானார். கங்கைக் கரையில் அவர் கல்லறை உள்ளது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் இரு சிறுவரை அவரிடம் ஒப்படைக்கும் காட்சியைச் செதுக்கியுள்ளனர். சென்னை செல்லும் மாணவர் சிலையை அண்ணாந்து நோக்குமுன், குனிந்து அப்பிள்ளைகளைப் பார்த்து வருக.